ஷெட்டின் கூரையைக் கவனியுங்கள்

 

ஒவ்வொரு கோடையிலும் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. அல்லாஹ்வின் அருளால் இயன்றதைச் செய்து வருகிறோம். அந்த மனுக்கள் சம்பந்தமாக ஒரு விஷயத்தை இந்த இதழில் ஒளிவு மறைவின்றி எழுத வேண்டியிருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதில் என் கவனக்குறைவும் உண்டு.

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டியவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு கோடைகளில் அடுத்தடுத்து மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு முறையும் அவருடைய மகன் ரசீதுகளோடு வந்தார், நாமும் நிதியிலிருந்து கொடுத்தோம். மூன்றாம் ஆண்டு பங்குனி பிறந்ததுமே மறுபடியும் மனு வந்தது. அப்போதுதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் இரண்டே அறைகள். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், எப்போதோ கார் நிறுத்துவதற்கென்று வாசலை ஒட்டிப் போட்ட தகர ஷெட்டில் பெரியவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காரை விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு பைக், தண்ணீர் டிரம், மருமகளின் தையல் மிஷின், மூலையில் பெரியவரின் கட்டில். ளுஹர் முடித்துவிட்டுப் போன நான் அந்தக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில் தகரம். எரியும் அடுப்புக்கு மேல் குனிந்தால் முகத்தில் எப்படி அடிக்குமோ அப்படி உச்சந்தலையில் அடித்தது. பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. "ஃபேன் போட்டா அனலாத்தான் வருது தம்பி, அதான் அணைச்சுட்டேன்" என்றார்.

இரண்டு வருடம் ஆஸ்பத்திரி ரசீதைப் பார்த்த நான், அந்தக் கூரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஷெட்டுகள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் கார் ஷெட் என்பது பெயருக்குத்தான். அதில் கார் நிற்கும் வீடுகள் குறைவு. கொலுசுப் பட்டறைக்கு வேலை எடுத்துச் செய்கிறவர்கள் அங்கே உட்கார்ந்து பற்றவைக்கிறார்கள். சகோதரிகள் தையல் மிஷின் போட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. மாவு கிரைண்டர் அங்கே ஓடுகிறது. லாரியில் போய்வரும் சகோதரர்கள் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்குள் பிள்ளைகள் சத்தம் என்று, பகலில் அந்த ஷெட்டில்தான் படுக்கிறார்கள். வீட்டில் இடம் போதாத பெரியவர்களின் கட்டிலும் கடைசியில் அங்கே வந்து சேர்கிறது.

நம் மாவட்டங்களின் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன் மலை, ஜருகுமலை, கஞ்சமலை, நகரமலை என்று மலைகள். கடல் காற்று எட்டாத ஊர். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சென்றது. அது நிழலில் வைத்து அளந்த கணக்கு. தகரத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கோழிக்குச் செய்கிறோம், வீட்டில் இருப்பவருக்கு?

இந்த விஷயத்தில் நாம் வெளியூரில் போய்ப் பாடம் படிக்கத் தேவையில்லை. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது அத்துபடி. கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீவனம் எடுக்காது, முட்டை ஓடு மெலியும், அதற்கும் மேலே போனால் செத்துவிழும். அதனால் பண்ணைக்காரர்கள் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் நீளமான பக்கங்களில் வெயில் விழாது. கூரையை இரு பக்கமும் நன்றாக வெளியே நீட்டுகிறார்கள். கோடை வந்தால் கூரைமேல் தென்னங்கீற்று பரப்புகிறார்கள் அல்லது வெள்ளை அடிக்கிறார்கள், மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள், உள்ளே புகைபோல நீர் தூவும் குழாய் வைக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வானிலையைப் பார்த்துப் பண்ணைக்காரர்களுக்கு அவ்வப்போது ஆலோசனை சொல்கிறது.

கவனித்துப் பாருங்கள். இதில் பெரும்பாலான வேலை கூரையில்தான் நடக்கிறது. வெப்பம் உள்ளே வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிட, வரும் வழியிலேயே மறிப்பதுதான் மலிவு என்பதை அவர்கள் கணக்குப் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். நம் வீட்டு ஷெட்டில் நாம் முதலில் வாங்குவது இன்னொரு ஃபேன்.

வெயில் எப்படி உள்ளே வருகிறது?

உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். நம் வீடுகளில் உள்ள இஸ்திரிப் பெட்டி ஒன்றும் ஏறத்தாழ அதே 1000 வாட்தான். பத்தடிக்கு இருபதடி ஷெட் என்றால் சுமார் 18 சதுர மீட்டர். அதாவது பதினெட்டு இஸ்திரிப் பெட்டிகளை வரிசையாகக் கூரைமேல் சூடாக்கி வைத்ததற்குச் சமம். தகரத்தின் கனமோ அரை மில்லிமீட்டர் அளவுதான். அதற்குத் தாங்கும் சக்தியும் இல்லை, தடுக்கும் சக்தியும் இல்லை. மேலே பட்ட சூடு உடனே கீழே வந்துவிடும். துருப்பிடித்துக் கறுத்த தகரமானால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். நல்ல வெயிலில் தகரத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

அப்படிச் சூடேறிய தகரம் இரண்டு விதமாக நம்மைத் தாக்குகிறது. ஒன்று, தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்குகிறது. இரண்டாவது, தணலைப் போலக் கண்ணுக்குத் தெரியாத அனலை நேராக நம் உடம்பின்மேல் வீசுகிறது. இந்த இரண்டாவதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபேன் காற்றைத்தான் அசைக்கும். கூரையிலிருந்து நேராக இறங்கும் அனலை அது தடுக்காது. காற்றே 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேன் உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும், அப்போது அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது. பெரியவர் ஃபேனை அணைத்தது சரிதான்.

வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும், வியர்வையும் குறைவு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கி உடம்பின் நீரைக் குறைக்கும். ஆகவே வாலிபர்கள் தாங்கும் அதே ஷெட் பெரியவர்களைச் சாய்த்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

குறைந்த செலவிலிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை, கூரையின் மேல்புறத்தை வெள்ளையாக்குவது. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு விழும் வெயிலில் 70 முதல் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். நாம் சொன்ன பதினெட்டு இஸ்திரிப் பெட்டிகளில் நான்கைந்துதான் மிஞ்சும். கான்கிரீட் தளமானால் சுண்ணாம்பே போதும். தகரத்தில் சுண்ணாம்பு பிடிப்பதில்லை, ஒரு மழையில் உரிந்துவிடும். தகரத்தைக் கழுவி, துருவைத் தேய்த்து, தகரத்துக்கென்று உள்ள பிரைமர் ஒரு கை அடித்து, அதன்மேல் வெளிப்புறத்துக்கான வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிக்க வேண்டும். கடையில் இதை கூல் ரூஃப் பெயின்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தூசி படிந்தால் பலன் குறையும். வருடம் ஒரு முறை, மாசி மாதத்தில், தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது, சூடான காற்று வெளியேற வழி. சூடேறிய காற்று மேலே போகும். மேலே துளை இல்லாவிட்டால் அங்கேயே தேங்கி நம் தலைவரை இறங்கிவிடும். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளியைப் பலர் சிமென்ட் பூசி அடைத்துவிடுகிறார்கள். அதை அடைக்காமல், பறவையும் எலியும் வராதபடி வலை மட்டும் அடியுங்கள். நிழல் விழும் பக்கத்தில் கீழே ஒரு திறப்பு இருந்தால் அங்கிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பெரிய ஷெட்டானால் மின்சாரம் இல்லாமல் காற்றிலேயே சுழலும் உருண்டை வென்டிலேட்டரைக் கூரையில் பொருத்தலாம்.

மூன்றாவது, மேற்குப் பக்கம். ஷட்டர் மேற்குப் பார்த்திருந்தால் அஸர் நேரத்தில் அதுவே இன்னொரு கூரையாகக் காயும். ஷட்டருக்கு வெளியே ஓர் அடி தள்ளி மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் பாதிப் பலன்தான், ஏனென்றால் வெயில் அதற்குள் ஷட்டரைத் தாண்டிவிட்டது. இடம் இருந்தால் பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடியோ கோவைக்கொடியோ ஏற்றிவிடுங்கள். நிழலும் ஆகும், காயும் ஆகும்.

நான்காவதுதான் இன்சுலேஷன். மேலே சொன்ன மூன்றையும் செய்த பிறகும் அந்த ஷெட்டில் ஒருவர் தினமும் பல மணி நேரம் இருக்க வேண்டியிருந்தால் இந்தச் செலவைச் செய்யலாம்.

இன்சுலேஷன் என்றால் என்ன? எதை வாங்குவது?

அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிக்குள் நாம் கதகதப்பாக இருப்பதும் இதனால்தான். தெர்மோகோல், கண்ணாடிப் பஞ்சு, பஃப் பேனல் எல்லாமே காற்றையோ வாயுவையோ சின்னச் சின்ன அறைகளில் பூட்டி வைக்கும் பொருட்கள். ஓர் அங்குலத் தெர்மோகோல் கடத்தும் அளவுக்கு வெப்பத்தைக் குறைக்க மூன்றடிக்கு மேல் கனமான கான்கிரீட் வேண்டும். அவ்வளவு வித்தியாசம்.

பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய குமிழித் தாள் இன்னொரு வகை. ஷெட்டுக்கு இது மலிவு, இலேசும்கூட. பளபளப்பான பரப்பு அனலை வீசாது. அதனால் தகரம் காய்ந்தாலும் தாளின் அடிப்புறத்திலிருந்து நம்மேல் இறங்கும் அனல் வெகுவாகக் குறையும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. தகரத்தோடு ஒட்டி அடித்துவிட்டால் பலன் போய்விடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் அந்தப் பக்கம் கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்திருந்தால் தூசி படிந்து மங்கிவிடும்.

கண்ணாடிப் பஞ்சு தீப்பிடிக்காது. மழை நேரத்தில் தகரம் போடும் சத்தத்தையும் நன்றாகக் குறைக்கும். டியூஷன் நடக்கும் ஷெட்டில் இது பெரிய உதவி. ஆனால் கையில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக்கூடாது. வேலை செய்பவர் முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். பிறகு பஞ்சு வெளியே தெரியாமல் பலகை வைத்து மூடிவிட வேண்டும். நனைந்தால் பயன் இல்லை. எனவே கூரை ஒழுகினால் முதலில் ஒழுகலை அடையுங்கள்.

பஃப் பேனல் என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்து வரும் பலகை. பழைய தகரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள், தகரத்தோடு இதன் விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெர்மோகோல் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு.

கவனிக்க வேண்டியவை

தெர்மோகோல் சட்டெனத் தீப்பற்றும், உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். பெட்ரோல் பைக் நிற்கும் இடத்தில், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறும் இடத்தில், கொலுசுக்குப் பற்றவைக்கும் இடத்தில், கேஸ் அடுப்பு எரியும் இடத்தில் அதைத் திறந்தபடி ஒட்டவே கூடாது. வைத்தே ஆக வேண்டுமானால் தீயை மட்டுப்படுத்தும் ரகமாகக் கேட்டு வாங்கி, கீழே ஜிப்சம் பலகையோ சிமென்ட் பலகையோ முழுமையாக அடித்து மூடுங்கள். மின்கம்பிகளைக் குழாய்க்குள் விட்டுத்தான் கொண்டு போக வேண்டும். எலி தெர்மோகோலைக் குடைந்து குடியேறும், கம்பியையும் கடிக்கும்.

பைக் நிற்கும் ஷெட்டைக் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. மூடிய ஷெட்டில் பைக்கையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழாமலே கொண்டுபோய்விடும். படுக்கும் இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

நம் வீடுகளில் பாதிக் கூரைகள் தகரம் அல்ல, ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயை உண்டாக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அந்த ஷீட்டில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள். நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடியுங்கள். கீழே இன்சுலேஷன் போடுவதானால் ஷீட்டில் தொங்கவிடாமல், சுவரிலிருந்து தனியாகச் சட்டம் கட்டி அதில் பொருத்துங்கள்.

கூரைமேல் ஏறும்போது ஆஸ்பெஸ்டாஸின் நடுவில் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ நேரிடும். பலகை போட்டு, கீழே குறுக்குச் சட்டம் உள்ள வரிசையில் மட்டும் நடக்க வேண்டும். தகரக் கூரையின் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். அதிகாலையில் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். பழக்கமில்லாத வாலிபர்களை ஏற்றிவிடாமல், தெரிந்த ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்வதே நல்லது.

சாக்கை நனைத்துக் கூரைமேல் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. குளிர்ச்சி தரும் என்பது உண்மை. ஆனால் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், தண்ணீர் கஷ்டமும் உண்டு. கீற்று பரப்பினால் நல்ல நிழல் கிடைக்கும். பட்டாசுப் பொறியோ அடுப்புப் பொறியோ விழாத இடமாக இருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் மாற்ற வேண்டும்.

கான்கிரீட் தளம் உள்ளவர்களுக்கு

தகரம் உடனே சூடாகும், பொழுது சாய்ந்ததும் உடனே ஆறும். கான்கிரீட் அப்படியில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை வைத்திருந்து இரவில் கீழே விடும். மாடியில்லாத கான்கிரீட் வீட்டில் இஷாவுக்குப் பிறகு ஏன் அப்படிப் புழுங்குகிறது என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே கான்கிரீட்டுக்குத் தடுப்பை மேல்புறத்தில்தான் போட வேண்டும். நம் முன்னோர் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தது ஒழுகலுக்காக மட்டுமல்ல, சூட்டைத் தடுக்கவும்தான். இன்று அதன் செலவைத் தாங்க முடியாதவர்கள் சுண்ணாம்பு அடித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

பகலில் வேலை செய்யவும் படுக்கவும் பயன்படும் இடம் தகர ஷெட் என்றால் அதை முதலில் கவனியுங்கள். இரவில் எல்லோரும் படுக்கும் இடம் கான்கிரீட் அறை என்றால் அதை முதலில் கவனியுங்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வீட்டில் யார் பலவீனமானவரோ அவர் தலைக்கு மேல் உள்ள கூரைக்கு அதைச் செலவிடுங்கள்.

செலவும் கணக்கும்

ஷெட்டின் நீள அகலத்தை அளந்து பெருக்குங்கள். வளைவு வளைவான ஷீட்டுக்குப் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் டப்பாவில் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு எத்தனை சதுர அடி வரும் என்று எழுதியிருக்கும். அதை வைத்து வாங்கினால் மிச்சம் வீணாகாது. இன்சுலேஷன் வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் கேட்காமல் என்ன கனம், என்ன அடர்த்தி, தீப்பிடிக்காத ரகமா என்று கேளுங்கள். மூன்று கடைகளில் விசாரியுங்கள். "ஏசி போட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பவர்கள் முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள். வெறும் தகரத்துக்கு அடியில் ஏசி வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டெல்லாம் அதற்கு ஒரு மூலைக்கும் காணாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, கழற்றி எடுத்துப் போகக்கூடியதைச் செய்யுங்கள். மரச்சட்டத்தில் பொருத்திய அலுமினியத் தாள், வெளியே கட்டும் பச்சை வலை இரண்டும் அப்படிப்பட்டவை. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரைக்கு வெள்ளை அடித்தால் உங்கள் தகரமும் நீண்ட நாள் உழைக்கும். குடியிருப்பவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஷெட்டில் மருந்து வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இன்சுலின் அந்தச் சூட்டில் வீரியம் இழந்துவிடும். போட்ட ஊசி வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகும் வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மற்ற ஊர்களில்

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமாக அந்த மாதத்தில் நிகழும் மரணங்களைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த அடியிலிருந்துதான் அந்த மாநகராட்சி 2013இல் வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்தது. 2017இல் ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நம் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பணத்துக்கு மனு எழுதும் நிலை நம் மஹல்லாவில் எந்தக் குடும்பத்துக்கும் வராமல் இருக்க வேண்டும் என்பதே நம் துஆ.

ஒருவர் வெயிலில் குழம்பிப் பேசினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை நிழலுக்குக் கொண்டு வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில்

அந்த ஷெட்டின் கூரைக்கு வெள்ளை அடித்தோம். அடைத்திருந்த மேல் இடைவெளியைத் திறந்து வலை அடித்தோம். கீழே இடைவெளி விட்டு அலுமினியத் தாள் போட்டோம். பைக் வெளியே போனது. இத்தனைக்கும் ஆன செலவு, நாம் முந்தைய ஆண்டு கொடுத்த மருத்துவ உதவியைவிடக் குறைவு. நண்பகலில் மட்டும் அவரை வீட்டுக்குள் அழைத்துப் படுக்க வைக்குமாறு மகனிடம் சொன்னேன், அவரும் செய்தார். ஆகவே எல்லாம் கூரையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோடையில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ். மருமகளும் பகலில் மிஷினில் உட்கார முடிகிறது என்றார்.

இந்த ஆண்டு முதல் நம் மருத்துவ உதவி மனுவில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: நோயாளி படுக்கும் இடத்தின் கூரை எது? தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதினால் நம் ஆள் ஒருவர் வந்து பார்ப்பார். கூரை வேலைக்கான உதவியையும் அதே நிதியிலிருந்து வழங்க நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும் தொழிலில் உள்ள சகோதரர்கள் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையை இதற்காகத் தர முன்வந்தால், அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

மனு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஷெட்டுக்குப் போய், பகல் இரண்டு மணிக்கு, அங்கே யார் உட்காருகிறார்களோ அவர்கள் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நான் இரண்டு வருடம் தாமதமாகச் செய்த காரியம் அது.

வஸ்ஸலாம்.
செயலாளர்